தோல் கழலாத பயறு

தமாலே, கானா
4 பெப்ரவரி 1996

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே வெயிலும் தூசியும் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பாலேர்மோவின் குளிர் உங்களையும் அண்ணியையும் பிள்ளை பிரசாந்தினியையும் அதிகம் வருத்தாமல் கடந்திருக்கும் என்று நம்புகிறேன். கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்த சின்னக்காவிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா?

கௌபிப் பயறு வேலை நிறைவேறிவிட்டது. வண்டு தொடாத காட்டினம் ஒன்றோடு கலந்தால் கரு காயிலேயே செத்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சாகுமுன் அந்தக் கருக்களை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்த்தோம். பெரும்பாலானவை கருகின. பிழைத்தவற்றை நல்ல பயறு ஒன்றோடு திரும்பத் திரும்பக் கலந்தோம். இப்போதுள்ள விதையை ஒரு வருடம் சாக்கில் கிடக்க விட்டும் ஒரு மணிகூட உளுக்கவில்லை. இங்குள்ள பெண்கள் அறுவடையில் பாதியை வண்டுக்குக் கொடுக்கிறார்கள். மருந்து தூவிக் காப்பவர்கள் அந்த மருந்தையும் சேர்த்துத் தின்கிறார்கள். இனி இரண்டும் வேண்டாம்.

அந்த நல்ல பயறு எது தெரியுமா? கிளிநொச்சிப் பண்ணையில் நீங்கள் உருவாக்கிய பதினேழாம் எண். படிக்கப் புறப்பட்டபோது ஒரு கைப்பிடி கொண்டுவந்திருந்தேன். புதிய இனத்துக்குத் 'தில்லை' என்று உங்கள் பெயரையே வைத்திருக்கிறேன்.

ஒக்டோபரில் இந்நாட்டின் இன வெளியீட்டுக் குழு கூடும். அது அங்கீகரித்தால் எங்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கும். அதில் விதைப் பெருக்கத்துக்கு ஓர் ஆய்வு அலுவலர் தேவை. உங்கள் பெயரைச் சொன்னேன், இயக்குநர் சம்மதித்துவிட்டார். அண்ணை, இனி நீங்கள் எவருடைய மாடிப்படியையும் கழுவ வேண்டியதில்லை.

உரோமுக்கு வரும் நண்பர் ஒருவர் மூலம், உரிய தாவரச் சான்றோடு, ஒரு கிலோ விதை அனுப்புகிறேன்.

என்றும் உங்கள் தம்பி,
இராஜதுரை


பாலேர்மோ, இத்தாலி
10 மார்ச் 1996

அன்புத் தம்பி இராஜதுரைக்கு,

எங்கள் மூவருக்கும் உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞானம்பிகைக்கு மட்டும் பிறர் துணிகளை இஸ்திரி போட்டுப் போட்டு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சின்னக்காவின் கடிதம் கொழும்பு வழியாக வந்தது. மரத்தடியிலிருந்து கொட்டிலுக்கு மாறியிருக்கிறாராம்.

உன் கடிதத்தை, நான் வேலை செய்யும் லிபெர்த்தாத் தெரு வீட்டில், வீட்டுக்காரியான சின்யோரா மதிய உறக்கத்தில் இருந்தபோது அவருடைய சமையலறையில் நின்று வாசித்தேன். ஐந்து வருடங்களாக இவ்வீட்டில் என் பெயர் 'தில்லோ'. நான் என்ன படித்தேன் என்று அவர் கேட்டதில்லை. கேளாதவரிடம் சொல்வது என் வழக்கமுமில்லை. பதினேழாம் எண்ணின் ஒரு மணியாவது உலகில் எஞ்சியிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. இதைப் பற்றி இதற்குமேல் எழுத இயலாது.

வேலையை ஏற்கிறேன். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் சின்யோராவிடம் சொல்வேன்; மாற்று ஆள் தேட அவருக்குக் காலம் தருவது முறை.

ஓர் இனத்தை வெளியிடுமுன் என் உதவியாளர்களிடம் கேட்டவற்றை உன்னிடமும் கேட்கிறேன். எத்தனை விதமான நிலத்தில் விதைத்துப் பார்த்தாய்? மழை பிந்திய வருடத்தில் விளைச்சல் எப்படி? வண்டுச் சோதனையை ஆய்வுகூடத்தில் மட்டும் செய்தாயா, வீடுகளிலும் செய்தாயா? கொடி படர்ந்து சோளத்தை அமுக்குகிறதா? கடைசியாக, அங்குள்ள பெண்கள் இந்தப் பயறை எப்படிச் சமைக்கிறார்கள்?

உன் அண்ணன்,
தில்லையம்பலம்


தமாலே
21 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதே பாதிச் சுகம். அண்ணியின் கைக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள்; அங்கே கிடைக்காவிட்டால் ஒலிவ எண்ணெய் போதும்.

வடக்கில் மணல் நிலம், தெற்கில் செம்மண் இரண்டிலும் விதைத்தோம். மழை பிந்திய வருடத்திலும் உள்ளூர் இனத்தை விஞ்சியது. வண்டுச் சோதனை வீடுகளிலும் நடந்தது. கொடி அடக்கமாகவே படர்கிறது, சோளத்துக்குத் தொல்லையில்லை.

சென்ற வாரம் நிலையத்தில் பயறை அவித்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். இயக்குநர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். "உமது நாட்டில் இதைத் தின்றுதான் எல்லோரும் மெலிந்திருக்கிறீர்களா?" என்று பகிடியும் விட்டார்.

உங்கள் நியமனம் தை மாதத்திலிருந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரசாந்தினிக்கு இங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் உண்டு. வீடும் பார்த்துவிட்டேன், முற்றத்தில் மாமரம் நிற்கிறது.

அன்புடன்,
இராஜதுரை


பாலேர்மோ
12 மே 1996

அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் விதைப் பொதி பழுதின்றி வந்து சேர்ந்தது.

நான் ஐந்து கேள்விகள் கேட்டிருந்தேன். நான்குக்கு விடை எழுதியிருக்கிறாய். ஐந்தாவதற்கு இயக்குநர் சாப்பிட்ட தட்டுகளை எண்ணியிருக்கிறாய். அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தின்பது யாழ்ப்பாணத்துக்காரர். நான் கேட்டது அந்தப் பெண்களைப் பற்றி.

சின்யோராவின் வீட்டுக்கு மேல்மாடியில் வேலை செய்யும் அபெனா என்ற பெண் கானாவிலிருந்து வந்தவள். பயறை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டேன். நாம் உளுந்துக்குச் செய்வதைத்தான் சொன்னாள்: ஊறவைத்து, உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்துத் தோலை நீரோடு வடித்துவிட்டு, வெள்ளையாக அரைத்து, அடித்து, எண்ணெயில் இடுவது. காலையில் கஞ்சியோடு அந்த வடைதான் உணவாம்.

உன் விதையில் ஒரு சுண்டு ஊறவைத்தேன். காலையில் தேய்த்தேன். தோல் வரவில்லை. வெந்நீரில் ஊறவைத்தேன், வரவில்லை. பதினேழாம் எண்ணின் தோல் வழுவழுப்பானது, பருப்போடு ஒட்டியது. வேகும்போது வெடிக்காமல் இருக்க வேண்டும் என்று அதை அப்படி ஆக்கியவன் நான். எங்கள் ஊருக்கு அது சரி.

இன்னும் ஒரு சோதனை செய்வேன். அதற்கிடையில் ஐந்தாவது கேள்விக்கு உன் விடையை எதிர்பார்க்கிறேன்.

தில்லையம்பலம்


பாலேர்மோ
30 ஜூன் 1996

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதமில்லை. உடல் நலக்குறைவு காரணமாக இருந்தால் ஒரு வரி எழுது. வேறு காரணமாக இருந்தால் இதை வாசித்துவிட்டு எழுது.

சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் கானாப் பெண்கள் கூடிச் சமைக்கும் அறைக்கு அபெனா என்னை அழைத்துப் போனாள். உன் சிவப்புப் பயறு ஒரு சட்டியில், அவர்கள் கடையில் விற்கும் சொரசொரத்த வெள்ளைப் பயறு மற்றதில். உன் பயறு யார் வளர்த்தது என்று நான் சொல்லவில்லை. அளவும் நீரும் ஊறிய நேரமும் ஒன்றே. எண்ணெயும் ஒன்றே.

வெள்ளைப் பயறின் தோல், கை பட்டதும் மிதந்தது. உன் சட்டியில் இரண்டு பெண்கள் மாறி மாறித் தேய்த்தார்கள். அபெனா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இது சாப்பாட்டு மேசைக்கு வந்தும் கோட்டைக் கழட்டாத விருந்தாளி" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவள் ஒருத்தி கேட்டாள்: "இதை வளத்தவர் ஆர்? அவற்றை வீட்டிலை அவருக்குச் சமைச்சுக் குடுக்கிறது வேறை ஆளாக்கும்."

ஓம் என்று தலையசைத்தேன்.

தோலோடு அரைத்துப் பொரித்தவை பொங்கவில்லை. கறுத்து, கனத்து, கசந்தன. மரியாதைக்கு ஆளுக்கு ஒன்று கடித்தார்கள். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரசாந்தினி ஒன்றை நிலத்தில் போட்டு, "அப்பா, இது பலோனே, உதைக்கலாம்" என்றாள்.

இப்போது உன்னிடம் நேராகவே கேட்கிறேன். அங்குள்ள பெண்களிடம் இந்த விதையைக் கொடுத்துப் பார்த்தாயா? அவர்கள் என்ன சொன்னார்கள்?

தில்லையம்பலம்


தமாலே
18 ஓகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குச் சுகவீனம் எதுவுமில்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

கொடுத்துப் பார்த்தேன். போன வருடமே கொடுத்தேன். நிலையத்துக்கு அருகிலுள்ள ஊரில் மெமுனாத்து என்ற பெண் மற்றப் பெண்களுக்காகப் பேசுபவர். இரண்டு வாரம் கழித்து, விதை கட்டிக் கொடுத்த அதே துணியில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வண்டுக்கு மூளை இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இயக்குநருக்குச் சொன்னேன். ஆறு வருட வேலையைச் சமையலறைக்காக நிறுத்த முடியாது என்றார். தோல் நீக்க ஆலை கொடுக்கலாம் என்றார். பசித்த வயிறு தோலைப் பார்க்காது என்றார். அண்ணை, அவர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. பாதி உளுத்த வெள்ளைப் பயறைவிட முழுதாக இருக்கும் சிவப்புப் பயறு மேல் அல்லவா?

விண்ணப்பத்தில் பயிரின இயலாளன் என்ற முறையில் நான் கையொப்பமிட வேண்டும், விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள் என்று. இடாவிட்டால் இரண்டாம் கட்டம் இல்லை. அது இல்லையென்றால் உங்கள் நியமனம் இல்லை. இதை நான் எப்படி உங்களிடம் எழுதுவேன்?

நான் வேறு பயறை எடுத்திருக்கலாம். கையில் இருந்தது உங்களுடையது. அதுதான் நல்லது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

இராஜதுரை


பாலேர்மோ
1 செப்டெம்பர் 1996

தம்பி இராஜதுரைக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகவே இருக்கிறாய் என்பதை உன் எழுத்து காட்டுகிறது. பசியுள்ளவன் எழுதும் வாக்கியம் அல்ல அது.

பசித்த வயிறு தோலைப் பார்க்காது என்று உன் இயக்குநர் சொன்னார் என்கிறாய். அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். அதைத் தமிழில் எழுதியவன் நீ.

தொண்ணூறாம் ஆண்டு, நீ புலமைப்பரிசில் பெற்று வெளிநாட்டில் இருந்தபோது, நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்தோம். எங்கிருந்தோ பெரிய அவரை விதை மூட்டை மூட்டையாக வந்தது. பொழுதெல்லாம் வேகவைத்தாலும் பல்லுக்கு இளகாத விதை. விறகு இல்லை. பிள்ளைகளின் மேசைகளை உடைத்து எரித்தோம். பிறகு அவர்கள் அமரும் வாங்குகளை எரித்தோம். எரிக்க எதுவும் இல்லாதபோது விதையை வாங்கிக் கிணற்றடியில் கொட்டினோம். வாங்காமல் விட்டால் அடுத்த தடவை பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். பார்வையிட வந்தவர் வரிசையின் நீளத்தைக் கண்டு, மக்கள் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். அவ்வரிசையில் பயறினங்களில் முதுமாணிப் பட்டம் பெற்ற ஒருவன் நின்றான். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான்.

மெமுனாத்து கேட்காமலே சொல்லியிருக்கிறார். அதையும் ஏற்பு என்று எழுத உன்னால் முடியுமானால், உன்னைப் படிப்பித்தது வீண்.

ஆலை என்கிறாய். மின்சாரம் இல்லாத ஊரில் ஆலையைக் கையால் சுற்றப்போவது யார் என்பதையும் அந்த விண்ணப்பத்தில் எழுது.

என் நியமனத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. சேர்த்தாய் என்று அறிந்தால் உன் கடிதங்களை உறை பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். அந்தப் பயறிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை நேற்றுக் கிழித்துவிட்டேன்.

தில்லையம்பலம்


பாலேர்மோ
8 செப்டெம்பர் 1996

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது,

நீர் சுகமாயிருக்க வேண்டுமென்று நல்லூரானை வேண்டுகிறேன். நான் எழுதுவது உம்முடைய அண்ணருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவர் உமக்கு எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் சின்யோராவிடம் போய், தை மாதம் ஆபிரிக்காவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த மனுசி ஆனியிலேயே மொரிசியஸ்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டா. அன்று தொடக்கம் அவருக்கு அந்த வேலை இல்லை. விடிய முதல் பஸ்ஸில் பிரான்காச்சோவிலிருந்து சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போகிறார். மண்டரின் தோடை மரங்களுக்குக் கீழே புல்லு வெட்டுகிறார், தண்ணீர் கட்டுகிறார். ஐம்பத்துநாலு வயது. வீட்டுக்கு வந்தால் முதுகை நிமிர்த்தச் சுவரைப் பிடிக்கிறார்.

இங்கே இருப்பதற்கான பெர்மெசோ, அந்த அனுமதி, மாசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நிரந்தர வேலைக்குக் கடதாசி கேட்பார்கள். தோட்டக்காரன் கடதாசி தரமாட்டான்.

நான் அவரிடம் ஒருநாள் கேட்டேன்: "நாங்களும் தோலோடைதானே தின்னுறம்? நான் இஞ்சை வந்து பாஸ்தா தின்னப் பழகேல்லையோ? அவையும் பழகுவினம்தானே?" கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

தம்பி, நான் உளுந்துக்குத் தோல் கழுவி வளர்ந்தவள். அந்தப் பெண்களின் கை நோவு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். கையெழுத்தை வையும். அவரை ஒருக்காலாவது தன்னுடைய வேலையைச் செய்ய விடும்.

அண்ணி,
ஞானம்பிகை


தமாலே
3 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுடைய உடல்நிலை எப்படி? முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாக நான் பேனையை எடுக்கவில்லை.

நான் கையொப்பம் இட்டுவிட்டேன். ஏன் என்று கேட்க வேண்டாம். குழு கூடிய நாள் காலையிலும் அந்தத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியிடப்போகும் இனத்தைக் குழுவினர் மதியம் உண்டு பார்ப்பது இங்கே வழக்கம். தேங்காய்ப்பூப் போட்டு அவித்த பயறு அடுப்பில் தயாராக இருந்தது.

அந்தப் பானையை இறக்கிப் பின்னால் வைக்கச் சொன்னேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது. நிலைய வாகனத்தை அனுப்பி மெமுனாத்துவையும் அவருடைய ஊர்ப் பெண்களையும் அழைத்துவந்து, பானைக்கு ஊறப்போட்டதில் மிஞ்சியிருந்த பயறைக் கொடுத்து, ஐயாமாருக்கு உங்கள் வடையைச் செய்து கொடுங்கள் என்றேன்.

குழுவினர் முற்றத்து மேசையில் காத்திருந்தார்கள். பெண்கள் தேய்த்தார்கள். நேரம் போனது. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தங்கள் தாயார் சமைத்ததைத் தின்று வளர்ந்தவர்கள்தானே அந்தக் குழுவினர்; தலைவர் கடைசியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மெமுனாத்து ஈரக் கைகளோடு வந்து நின்று கேட்டார்: "ஐயாமார், பசிக்குதோ? எங்களுக்கும் பசிக்கிறதுதான். பசிச்சாப்போலை தோல் போகாது."

தலைவர் என்னிடம் தாளைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

இனம் அங்கீகரிக்கப்படவில்லை. இரண்டாம் கட்டம் இல்லை என்று இருபது நாளில் கடிதம் வந்துவிட்டது. எனக்கு மார்ச் முடிவு வரை ஒப்பந்தம் உண்டு. உங்களுக்குச் சொன்ன வேலை இல்லை, அண்ணை.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருக்குத் தனியே எழுதவில்லை.

இராஜதுரை


பாலேர்மோ
24 நவம்பர் 1996

அன்புத் தம்பி இராஜதுரைக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சுகமாக இருந்தோம்; இன்றும் அப்படியே. உன் வணக்கத்தை ஞானம்பிகையிடம் சொன்னேன். நீ ஏன் தனியே எழுதவில்லை என்று அவள் கேட்கவில்லை. என் முதுகைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. அன்றிரவு அவள் உளுந்து ஊறப்போட்டாள். மறுநாள் நானும் சேர்ந்து தோல் கழுவினேன். என் கையைப் பார்த்துவிட்டு, "தேய்க்கிறதெண்டால் வடிவாத் தேயுங்கோ" என்றாள்.

என் வேலையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இங்கே எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பெரும்பாலும் திறந்த வெளியில், மரங்களோடு பழகும் வாய்ப்பு. சியாகுல்லி மண்டரின் மற்றவை ஓய்ந்தபின் பழுப்பது. நவம்பரில் இன்னும் பச்சை. பெர்மெசோ விடயமாக அபெனா வேலை செய்யும் வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன். பார்ப்போம்.

இயக்குநரிடம் என் வணக்கத்தைச் சொல்லாதே.

மார்ச் வரை உனக்கு ஒரு கலப்புக்கு நேரம் இருக்கிறது. ஆகவே கவனமாக வாசி. தமாலேச் சந்தைக்குப் போ. எந்தப் பயறு முதலில் விற்றுத் தீர்கிறது என்று பார்த்து, அடுத்த நாள் அது தீருமுன் வாங்கு. மெமுனாத்துவிடம் காட்டு, அவர் தேய்த்துப் பார்த்து ஓம் என்றால் மட்டும் விதை. அதுவே தாய். மாலையில் மொட்டின் மகரந்தப் பைகளை நீக்கு, காலையில் எங்கள் புதிய பயறின் மகரந்தத்தைத் தொட்டு வை. கிடைக்கும் விதையை உன் உதவியாளரிடம் கொடுத்து, அதற்குப்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சந்தைப் பயறோடு மட்டும் திரும்பக் கலக்கச் சொல். ஒவ்வொரு முறையும் விதையை வண்டு நிறைந்த போத்தலில் இட்டு, எஞ்சியதை மட்டும் விதைக்க வேண்டும்.

அதோடு பதினேழாம் எண் ஒரே ஒரு முறை உள்ளே வந்தால் போதும். பிறகு அது பாதியாகும், பாதியில் பாதியாகும். நிறம் போகும், வழுவழுப்புப் போகும், நான் பத்து வருடம் தேடிச் சேர்த்த மற்றவையெல்லாம் போகும். போகட்டும், தடுக்காதே. கடைசியில் வண்டு தொடாத குணம் ஒன்று மட்டும் நின்று, அதைத் தின்பவருக்கு அது தங்கள் பழைய பயறு என்றே தோன்றினால், வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அறிந்துகொள்.

உன் அண்ணன்,
தில்லையம்பலம்